லீவுல புள்ளைங்களுக்கு பண்ணைய தெறந்து விடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நாங்க நுவரெலியா மாவட்டத்துல நானுஓயா பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கோம். என் அக்கா மகன் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதிட்டு றிசல்ட் வரும்வரைக்கும் லயத்து வீட்டுல போனோடயே கெடந்தான், இன்னும் கொஞ்ச நாள் போனா கொழும்புல கடை வேலைக்கு போயிருப்பான், அப்பதான் பக்கத்துல மரக்கறியும் மாடும் வச்சிருக்கிற ஒருத்தர் சனிக்கிழமையில வா தம்பினு கூப்பிட்டாரு.

முதல் கெழமை சாணி அள்ளத்தான் விட்டாரு, அக்காவுக்கு கொஞ்சம் கோவம். ஆனா அவன் வீட்டுக்கு வந்து கொம்போஸ்ட் குவியலுக்குள்ள சூடு 60 பாகைக்கு ஏறும், அந்த சூட்டுல களை விதையெல்லாம் செத்துரும், காத்து போக பெரட்டி விடணும்னு சொல்றான், இதெல்லாம் புத்தகத்துல படிச்சப்போ அவனுக்கு ஏறவே இல்ல. 2021ல இரசாயன உரத்த தடை பண்ணினப்ப இங்க லீக்ஸ், உருளைக்கிழங்கு போட்டவங்க என்ன பாடுபட்டாங்கனு எல்லாருக்கும் தெரியும், மண்ண பத்தி தெரிஞ்ச புள்ளைங்க நம்மகிட்ட கட்டாயம் இருக்கணும்.

அம்பேவெல மாதிரி பெரிய பண்ணைய பஸ்ஸுல போய் சுத்தி பாத்துட்டு வர்றது நல்லதுதான், ஆனா கரட் வெதச்சு புடுங்க மூணு மாசத்துக்கு மேல ஆகும், அது முழுக்க கூட நிக்கணும். ஸ்கூல்களும் பண்ணைக்காரங்களும் பேசி, லீவு நாள்ல ஒரு பத்து புள்ளைங்கள எடுத்தாலே போதும். பகல் சாப்பாடும் பஸ் காசும் குடுக்கணும், தொண்டுனு சொல்லி சும்மா கூலி வேல வாங்கக்கூடாது, பொம்பள புள்ளைங்களையும் கட்டாயம் எடுக்கணும்.

இப்படிக்கு,
நானுஓயா வாசகி