வூ என்ற எழுத்தைப் பற்றி

அன்பு மகளுக்கு,

வூஷூ என்ற சீனத் தற்காப்புக் கலை வகுப்பில் உன் ஆசிரியர், "வூ என்றால் ஆயுதத்தை நிறுத்துவது" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நீ இருக்கும் வூஹானின் பெயரிலும் அதே சீன எழுத்துதான்; போர், வீரம் சார்ந்தது என்று பொருள். அவர் சொன்னது பாதி சரி. மீதியை நான் சொல்கிறேன்.

அந்த எழுத்துக்குள் இரண்டு துண்டுகள். ஒன்று, நீண்ட கம்பின் நுனியில் கத்தியைக் குறுக்கே பொருத்திய பழைய போராயுதம். இன்னொன்றுக்கு இன்று 'நிறுத்து' என்று பொருள். கூட்டினால் ஆசிரியர் சொன்னதுதான் வருகிறது. ஆனால் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன், சீனாவை ஆண்ட ஷாங் அரசர்கள் குறி கேட்ட ஆமையோடுகளிலும் மாட்டெலும்புகளிலும் அந்த இரண்டாவது துண்டு ஒரு பாதத்தின் படம். ஆயுதமும் பாதமும் சேர்ந்தால் படை நடக்கிறது, அவ்வளவுதான். நிறுத்துகிற பேச்சே இல்லை!

பிறகு அந்த விளக்கம் எப்படி வந்தது? கி.மு. 597இல் பீ என்ற இடத்தில் சூ நாட்டு அரசன் சுவாங், ஜின் நாட்டுப் படையைத் தோற்கடித்தான். பகைவர் பிணங்களைக் குவித்து மேடு எழுப்புவோம், வருங்காலப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றான் கூட இருந்த ஒருவன். அரசன் மறுத்துவிட்டான். உனக்கு அது புரியாது, ஆயுதத்தை நிறுத்துவதுதான் வூ என்றான். கொடுமையைத் தடுப்பது, படைக்கலங்களை உள்ளே வைப்பது, மக்களை நிம்மதியாக வாழவிடுவது என்று வூவின் குணங்கள் ஏழையும் சொல்லி, இதில் ஒன்றுகூட என்னிடம் இல்லையே, பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று கேட்டானாம். இரு நாட்டார் எலும்பையும் வெட்டவெளியில் கிடக்க வைத்துவிட்டேன் என்றும் சொல்லியிருக்கிறான். மஞ்சள் ஆற்றுக்குப் பலி கொடுத்து, முன்னோருக்கு ஒரு கோயில் கட்டிவிட்டு ஊர் திரும்பினான். ட்ஸோ உரை என்ற பழைய வரலாற்று நூலில் இது இருக்கிறது. ஜெயித்த பிறகுதான் இவ்வளவும் பேசினான் என்பதையும் கவனி.

கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த அகராதி, அரசனின் பேச்சையே அந்த எழுத்துக்கு விளக்கமாகப் போட்டுவிட்டது. அப்புறம் யார் மாற்றுவார்கள்? இத்தனைக்கும், வடக்கு நாடோடிகளான ஷியோங்னுக்களோடு வருஷக்கணக்கில் சண்டை போட்ட ஹான் பேரரசனுக்கு, அவன் இறந்தபின் சூட்டிய பெயரும் வூதான்.

எழுத்தாராய்ச்சியாக அரசன் சொன்னது தப்பு. ஆனாலும் அந்த மேட்டை அவன் எழுப்பவில்லை, எனக்கு அது போதும். இதை வைத்துக்கொண்டு வகுப்பில் ஆசிரியரிடம் மல்லுக்கு நிற்காதே.

நீ இருப்பதே பழைய சூ நாட்டு மண்ணில்தான். கிழக்கு ஏரிப் பக்கம் ஹூபெய் மாகாண அருங்காட்சியகம் இருக்கிறது. 1965இல் ஒரு சூ கல்லறையில் கிடைத்த யுவே நாட்டு அரசன் கோவ்ஜியனின் வாளைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போவார்கள். நீ அந்தக் குறுக்குக் கத்தியையும் தேடிப் பார்த்துப் படம் அனுப்பு. அம்மாவுக்கும் தனியாக ஒன்று அனுப்பிவிடு, இல்லாவிட்டால் என் போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

அன்புடன்,
அப்பா