வெள்ளி நாணயத்தில் பற்பசை வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கறுத்துப்போன வெள்ளி நாணயத்தைப் பற்பசை தடவித் தேய்த்தால் பளபளக்கும் என்று ஞாயிறன்று வீட்டுக்குறிப்பில் போட்டிருந்தீர்கள். கொலுசுக்கும் குங்குமச் சிமிழுக்கும் சரிப்படலாம். நாணயத்துக்கு, அதிலும் சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடி மெருகோடு அடிக்கும் ப்ரூஃப் நாணயத்துக்கு, கூடவே கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

கப்பலில் இன்ஜினியராக இருந்த என் தாய்மாமா 1977இல் லிவர்பூலில் இறங்கியபோது எனக்கு வாங்கி வந்தது, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவின் ‘ஒரு கிரவுன்’ மதிப்புள்ள வெள்ளி ப்ரூஃப் நாணயம். அங்கே டக்ளஸ் நகரக் கடற்கரைச் சாலையில் 1876இல் ஓடத் தொடங்கிய குதிரை டிராமுக்கு நூறாண்டு ஆனதையொட்டி 1976இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் எலிசபெத் ராணி, மறுபக்கம் டிராம் இழுக்கும் குதிரை. 28.28 கிராம், 925 தர வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அம்மாவைப் பெற்ற தாத்தா கும்பகோணம் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவர். மாமா கண்ணில் அது பட்டது அதனால்தான்.

ப்ரூஃப் நாணயத்துக்கு அச்சையும் வெள்ளி வில்லையையும் கண்ணாடி போல மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். அந்த மெருகு மேல்தோலில்தான் இருக்கிறது. 1989இல், தீபாவளிக்கு முதல் நாள், அம்மா குத்துவிளக்கோடு அதையும் எடுத்துப் புளியில் ஊறவைத்து, விபூதி போட்டு அழுத்தித் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். “எங்க அப்பா குதிரை எப்படி மின்னுது பாரு!” என்றார். நான் வாயே திறக்கவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குதிரையின் கால்களைச் சுற்றிச் சிலந்தி நூல் போல மெல்லிய கீறல்கள். இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. பிறகொரு நாள் நாணயக் கண்காட்சியில் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “வெள்ளி எடைக்குத்தாங்க போகும்” என்றார். விற்கப் போகவில்லை நான். இருந்தாலும் வலித்தது.

காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிவதுதான் அந்தக் கறுப்பு. அதனால் நாணயத்துக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது. விபூதியானாலும் பற்பசையில் கலந்திருப்பதானாலும், தேய்க்கும் பொடிதான் கறுப்போடு வெள்ளியையும் சேர்த்து உரித்துவிடும். ஓரத்தைப் பிடித்தெடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் கேப்ஸ்யூலில் வைத்தால் போதும். பிவிசி என்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் உறை ஆகாது. நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

அதே பகுதியில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது; வெள்ளிச் சாமான் துலக்க எல்லோரும் உட்காருவதற்கு முன்னால் அது வந்துவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
கும்பகோணம்