கரும்பு ஆபீசர் பாப்பாவுக்கு

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய போட்டோவை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். சர்க்கரை ஆலை பெயர் போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நிற்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷமாக வரப்பில் நின்று கரும்பு ஆபீசர்களைத் திட்டியவன் வீட்டிலிருந்தே ஒருத்தி அந்தப் பக்கம் போயிருக்கிறாய்.

விவசாயிகளிடம் கருத்துக் கேட்கிற கூட்டம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள், என்ன பேசட்டும் என்று கேட்டாயே. நீ ஒன்றும் பேசாதே. இங்கே நடந்த கூட்டங்களில் ஆபீசர்கள்தான் பேசினார்கள். கல்யாண மண்டபம், நாற்காலி, மைக், வாசலிலேயே கையெழுத்து நோட்டு. ஒன்றரை மணி நேரம் புது ரகம், சொட்டு நீர், அகலப் பார் என்று சொல்லி முடித்து, "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்கும்போது சாம்பார் வாசனை வந்துவிடும். பசித்தவன் என்ன கேட்பான்?

எங்களைக் கேட்க வேண்டியது, இன்ன நாளில் கரும்பை வெட்டு என்று ஆலை கொடுக்கிற வெட்டு உத்தரவு போடும் முன்னால். நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தபோது கீழ்க்காட்டுக் கரும்பு பன்னிரண்டு மாதத்தில் வெட்டு ஆக வேண்டியது. பதினாலாம் மாதம்தான் உத்தரவு வந்தது. அதற்குள் பூத்துவிட்டது. ஒரு கழியை ஒடித்துப் பார்த்தேன், நடுவில் பஞ்சாகக் கிடந்தது. எடை போச்சு. வெட்டிய கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கிற மறுதாம்புக்கும் பருவம் தப்பிப் போச்சு. ஆள் இல்லை, லாரி இல்லை என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வெட்டு மேஸ்திரியைப் பிடித்திருப்பேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனமாகப் படி. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு வைத்த விலை, சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பு எடையில் சர்க்கரையாகக் கிடைக்கிற பங்கு, 10.25 சதவீதம் இருந்தால் டன்னுக்கு 3,550 ரூபாய். 9.5-க்குக் கீழே போனால் 3,290 ரூபாய் 50 காசு. ஏக்கருக்கு 40 டன் எடுக்கிறவனுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம். வெட்டிப் போட்டு இரண்டு நாள் வெயிலில் காய்ந்த கரும்பும், வயலிலேயே முற்றிப் பூத்த கரும்பும் அந்தக் கட்டுமானத்தைத்தான் இறக்குகின்றன. தாமதம் ஆலையுடையது, குறைவது எங்கள் காசு. உன் ஆலையில் அன்றன்றைய கட்டுமானத்தை எடை மேடைப் பக்கம் ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கச் சொல்லிப் பார். செலவு ஒரு சாக்பீஸ்.

உதவி செய்கிறோம் என்பார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். விதைக்கரணை, பருநாற்று, உரம் எல்லாம் கிடைத்தது. அத்தனையும் கரும்புப் பணப் பட்டியலில் பிடித்தம். அந்தச் சீட்டில் இங்கிலீஷில் இரண்டிரண்டு எழுத்தாகப் போட்டிருக்கும். வாத்தியாரிடம் கொண்டு போனால் அவருக்கும் புரியவில்லை. எது இனாம், எது கடன் என்று கொடுக்கும்போதே தமிழில் எழுதிக் கொடு.

புழுவின் முட்டையை அழிக்கிற குட்டிக் குளவி இருக்கும் ஒட்டுண்ணி அட்டை மட்டும் இனாமாகவே வந்தது. கழியைத் துளைக்கிற இடைக்கணுப் புழுவுக்கு நாலாம் மாதத்திலிருந்து 15 நாளைக்கு ஒரு தடவை, ஆறு தடவை கட்டணும். நல்ல சமாசாரம்தான். ஆனால் ஜீப் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வெந்து, மத்தியானம் ஒரு மணிக்கு என் கைக்கு வந்தது. கட்டிய பிறகு ஒரு வாரம் மருந்து அடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை, நான் மறுநாளே அடித்துக் குளவியையும் கொன்றுவிட்டேன். உதவியும் வீண், மருந்தும் வீண். நீ அட்டையைச் சாயங்காலம் கொண்டு போ, இலையின் அடிப்பக்கம் நீயே ஒன்று கட்டிக் காட்டு.

ரகம் மாற்றச் சொல்லும்போது அவசரப்படாதே. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் கொடுத்த கோ 86032 ரகத்தை எத்தனை வருஷமாக நட்டிருக்கிறோம். அதே நிறுவனத்தின் கர்னால் மையம் கொடுத்த ரகம்தான் கோ 0238. உத்தரப் பிரதேசத்தில் பெரும்பகுதிக் கரும்பு அந்த ஒன்றே என்று ஆகி, செவ்வழுகல் நோய் வந்தபோது ஒதுங்க இடமில்லாமல் போனது. கழியைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, குறுக்கே வெள்ளைத் திட்டு, சாராய வாடை. ஒருவர் நிலத்தில் பார்த்தாலும் ஊருக்கே சொல்லிவிடு.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பொம்பளைங்களையும் கூப்பிடச் சொல்லுங்க" என்கிறாள். களை எடுப்பதும் காய்ந்த சோகை இலையை உரிப்பதும் அவர்கள். முதலில் புழுவைப் பார்ப்பதும் அவர்கள்தான். பட்டா ஆம்பளை பேரில் இருப்பதால் நோட்டில் ஆம்பளை கையெழுத்து. குத்தகைக்காரன் பேர் அதிலும் இல்லை.

பணத்தைப் பற்றிக் கேட்பார்கள், அப்போது தலையைக் குனியாதே. 1966-ம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு இறக்கி 14 நாளுக்குள் பணம் கொடுக்கணும், தவறினால் வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. அந்த வட்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை. உன் மூன்றாம் வருஷ ஃபீஸுக்கு அம்மா சங்கிலி அடகுக் கடைக்குப் போனது அந்த நிலுவையால்தான். அப்போது உன்னிடம் சொல்லவில்லை.

உன்னால் பணம் போட முடியாது, தெரியும். என்ன கேட்டார்கள் என்று எழுதிக்கொண்டு போய், பத்து நாளில் திரும்பி வந்து, "இது ஆகும், இது ஆகாது, இதற்கு மேலிடத்தில் பதில் சொல்லவில்லை" என்று அதே வரப்பில் நின்று சொல். ஆகாது என்றால் திட்டுவார்கள். வாங்கிக்கொள். என்னிடம் ஒரு ஆபீசர் அப்படித் திரும்பி வந்தார். அவருக்கு மட்டும் இன்னும் இளநீர் வெட்டிக் கொடுக்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது உங்கள் ஆலை பிடித்தச் சீட்டு ஒன்று கொண்டு வா, ஆள் பேரை மறைத்துவிட்டு. வாத்தியாரிடம் காட்டணும்.

அப்பா