டிரிப்ஸைக் கழற்றிவிடுவார்களாமே என்று கேட்ட அண்ணிக்கு

பர்மிங்காம்

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. போனில் நீங்கள் கேட்டதற்கு வார்டு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "உங்க ஆஸ்பத்திரியில கடைசி நேரத்துல டிரிப்ஸைக்கூடக் கழற்றிட்டு அப்படியே போட்டுடுவாங்களாமே?" என்றீர்கள். பல நேரம் கழற்றுகிறோம், அது உண்மை. அப்படியே போட்டுவிடுகிறோம் என்பது பொய். பெரியம்மா படுத்திருக்கும் நேரத்தில் உங்களுக்கும் உதவும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

நம்மவர்கள் இங்கு முதலில் சண்டை பிடிப்பது டிரிப்ஸுக்காகத்தான். உடம்பு அடங்கும் நாட்களில் சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றுகிற தண்ணீர் கால் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தேங்கலாம்; சேடம் இழுப்பது அதிகமாகலாம். அதற்காக யாருக்குமே போடக்கூடாது என்றில்லை. தேவைப்பட்டால் தோலுக்கடியில் மெதுவாக ஏற்றி, நல்லது செய்கிறதா கெடுதல் செய்கிறதா என்று தினமும் பார்ப்போம். விழுங்க முடிகிறவர் கேட்டால் குடிக்கக் கொடுத்தே ஆகவேண்டும். முன்பு, கடைசி நாட்களில் இருப்பவர்களைக் கவனிக்க 'லிவர்பூல் பாத்வே' என்றொரு முறை இங்கே இருந்தது. நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். சில இடங்களில் வெறுமனே டிக் அடிக்கும் தாளாகிப் போனது. தண்ணீர் கொடுக்க விடவில்லை என்று குடும்பங்கள் புகார் சொல்ல, 2013-இல் ஒரு குழு விசாரித்தது. மறு வருடம் அதைக் கைவிட்டார்கள். உங்கள் காதுக்கு வந்த பேச்சு அங்கிருந்து கிளம்பியதாகக்கூட இருக்கலாம்.

தாகம் தெரிவது பெரும்பாலும் வாய் உலர்வதால். வாயைத் திறந்து மூச்சு விடுவதாலும் மருந்துகளாலும் நாக்கு மரப்பட்டை மாதிரி ஆகிவிடும். பாட்டில் பாட்டிலாக ஏற்றினாலும் அது போகாது. குழந்தைப் பல்துலக்கியை நனைத்து உதறிவிட்டு, நாக்கு, ஈறு, கன்னத்தின் உள்பக்கம் என்று துடைக்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை செய்தாலும் தவறில்லை. உதட்டுக்குத் தண்ணீர் கலந்த ஜெல் தடவுவோம். ஆக்சிஜன் ஓடும்போது வாசலின் வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. குச்சியில் பஞ்சு வைத்த வாய்த்துடைப்பான்களும் வேண்டாம். நோயாளி கடித்து, பஞ்சு கழன்று தொண்டையில் அடைத்திருக்கிறது. 2012-இல் இங்கே அதற்கு எச்சரிக்கையே வந்தது.

பால் ஊற்றும் வழக்கத்தை இங்கு யாரும் தடுப்பதில்லை; முன்கூட்டிச் சொன்னால் போதும். ஆனால் விழுங்க முடியாதவர் வாயில் ஒரு ஸ்பூன் ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்த் திணறடிக்கும். பஞ்சில் நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றுங்கள். துளசித் தீர்த்தமும் அப்படியே.

அடுத்த பயம் மார்ஃபின் என்ற வலி மருந்து. வாய்வழி விழுங்க முடியாதபோது 'சிரிஞ்ச் டிரைவர்' வைப்போம். கையில் அடங்கும் சின்னப் பெட்டி, பச்சை விளக்கு சிமிட்டும். மேல்கையிலோ மார்பிலோ தோலுக்கடியில் மெல்லிய ஊசி. ஒரு நாளைய மருந்து 24 மணி நேரத்தில் சொட்டாக இறங்கும். வாயால் நாளைக்கு 60 மில்லிகிராம் சாப்பிட்டவருக்கு இதில் 30 போதும். இடையில் வலி வந்தால் அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 5, தனி ஊசியாகப் போடுவோம். மார்ஃபின் மூச்சுத் திணறலுக்கும் உதவும். பதற்றத்துக்கு மிடசோலம், தொண்டைக் கரகரப்புக்குக் கிளைகோபைரோனியம். தேவை வரும் முன்பே எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட வேண்டும். எழுதாமல் விட்டால் சனிக்கிழமை ராத்திரி டாக்டரைத் தேடி அலைவோம், வலியில் இருப்பவர் அதுவரை காத்திருப்பார். பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஊசி குத்திய இடம் சிவந்து தடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். இடம் மாற்றச் சொல்லி வீட்டார் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இன்னொன்று, ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உயிர் போனால் ஊசிதான் கொன்றது என்று மனம் சொல்லும். சரியான அளவில் கொடுத்த மருந்து அப்படிச் செய்வதில்லை. ஏதோ ஓர் ஊசி கடைசி ஊசியாகத்தானே இருக்கும்!

கரகரப்பு கேட்பவரைத்தான் அதிகம் வதைக்கும், படுத்திருப்பவருக்கு அநேகமாகத் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பல நேரம் குறையும். குழாய் விட்டு உறிஞ்சினால் சளி இன்னும் கூடலாம். முடிவு நெருங்கும்போது மூச்சு அரை நிமிடம் நின்று மறுபடி தொடங்கும், முழங்காலில் நீலத் திட்டுகள் படரும். இவற்றைக் கண்டால் போன் பண்ணவேண்டியவர்களுக்குப் பண்ணிவிடச் சொல்வோம்.

நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்க வேண்டாம் என்ற தாளில் ஊரில் போல வீட்டாரிடம் கையெழுத்து கேட்க மாட்டார்கள். முடிவு டாக்டருடையது. ஆனால் பேசாமல் எழுதக்கூடாது என்று 2014-இல் நீதிமன்றமே சொல்லிவிட்டது. கையெழுத்துப் பாரம் பிள்ளைகள் தலையில் விழாதது நல்லது என்பது என் கட்சி. நெஞ்சுக்குள் அதிர்ச்சி கொடுக்கும் கருவி வைத்திருந்தால் மட்டும் அதை முன்னாலேயே அணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாகும்போது உதைக்கும்.

அன்றே எடுத்து அடக்கம் செய்வதெல்லாம் இங்கு அநேகமாக நடக்காது. 2024 செப்டம்பர் 9 முதல் இறப்புக்கான காரணச் சான்றிதழை இன்னொரு மருத்துவ அதிகாரியும் பார்த்தாக வேண்டும், பிறகுதான் பதிவு. பேஸ்மேக்கர் இருந்தால் எரிப்பதற்கு முன் வெளியே எடுப்பார்கள், சூட்டில் வெடிக்கும்.

பெரியம்மாவுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்களை வரச் சொல்லுங்கள், வலி நிவாரணச் சேவையும் அதில் உண்டு. வலிக்கிறதா என்று கேட்டால் அவர் இல்லை என்றுதான் சொல்வார். புரட்டிப் படுக்க வைக்கும்போது நெற்றி சுருங்குகிறதா என்று பாருங்கள். பார்த்ததை, எந்த நேரம் என்பதோடு, அண்ணனை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எனக்கு வாசித்துக் காட்டட்டும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்