ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன என்பதை யார், எப்போது சொல்வீர்கள்?

புற்றுநோய் அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களுக்கும், அந்தப் பிரிவை நிர்வகிக்கும் அனைவருக்கும் வணக்கம்.

என் கோப்பு உங்களிடமே இருக்கிறது, அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய். பயாப்ஸி, எம்.ஆர்.ஐ. எல்லாம் முடிந்து, கருப்பையோடு கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவது என்று முடிவாகி, தேதியும் கொடுத்துவிட்டீர்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கே கீறுவார்கள், எதை எடுப்பார்கள், எப்போது எழுந்து நடக்கலாம் என்று உங்கள் மருத்துவர் படம் வரைந்தே காட்டினார். நன்றியோடு சொல்கிறேன்.

போன வாரம் ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்கு வந்தபோது நான் கேட்டது ஒரே கேள்விதான். இதெல்லாம் முடிந்த பிறகு ரேடியேஷன் இருக்குமா, கீமோ இருக்குமா, இல்லை இதோடு முடிந்துவிடுமா? "ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்" என்றார்கள். சரி, ரிப்போர்ட் எப்போது வரும்? "வந்ததும் கூப்பிடுவோம்." யார் கூப்பிடுவார்கள், கூப்பிடவில்லை என்றால் நான் யாரைக் கேட்பது? அதற்கு மருத்துவமனையின் பொது எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அங்கேயே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன். ரத்தப்போக்கு, தொற்று, சிறுநீர்ப்பையில் காயம், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு என்று வரக்கூடிய ஆபத்துகள் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன. ஆபரேஷனுக்கு அடுத்த மாதங்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

உறுதியான பதில் இப்போது கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். எடுத்த கருப்பையை ஆய்வகத்தில் வெட்டிப் பார்த்தால்தான் கட்டி தசைச்சுவரில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா, கருப்பை வாய்க்குப் பரவியிருக்கிறதா, ரத்த நாளங்களிலும் நிணநீர்க் குழாய்களிலும் புகுந்திருக்கிறதா, நிணநீர்க் கணுக்களில் ஏதும் உண்டா என்பதெல்லாம் தெரியவரும். பயாப்ஸியில் ஒரு கிரேடு, அதாவது புற்றணுக்கள் சாதாரண அணுக்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற அளவு, என்று சொன்னது ஆபரேஷனுக்குப் பிறகு மாறுவதும் உண்டு. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்தேன். அதனால் நான் கேட்பது ஜோசியம் இல்லை. ரிப்போர்ட் இப்படி வந்தால் இது, அப்படி வந்தால் அது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழிகளை எனக்கும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த வழிகளுக்கு இடையே இருக்கும் தூரத்தைக் கொஞ்சம் பாருங்கள். குறைந்த கிரேடு, ஆழமாக இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் கண்காணிப்பு மட்டும் போதும். அதற்கு அடுத்த படியில் உள்ளே வைத்துக் கொடுக்கும் ரேடியேஷன், அது சில தடவை வந்து போவதோடு முடிந்துவிடும். வெளியிலிருந்து கொடுப்பது என்றால் வாரத்தில் ஐந்து நாள், ஏறக்குறைய ஐந்து வாரம். கீமோவும் வேண்டும் என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று மாதக்கணக்கில் போகும், முடி கொட்டும், விரல்கள் மரத்துப்போகும். ஒன்றுமே வேண்டாம் என்பதற்கும் அரை வருடத்துக்கும் நடுவில் எங்கோ நான் நின்றுகொண்டிருக்கிறேன், ஒரு முனையில் எது இருக்கிறது, மறுமுனையில் எது இருக்கிறது என்பதைக்கூட உங்கள் பிரிவிலிருந்து யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இதை வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவால் தனியாக எழுந்து நடக்க முடியாது. தங்கை வெளியூரில் இருக்கிறாள், அவளுக்கு இந்த வருடம் நீண்ட விடுப்பு ஒரு தடவைதான் கிடைக்கும். "அக்கா, ஆபரேஷனுக்கு வரட்டுமா, இல்லை அதற்கு அப்புறம் வரட்டுமா?" என்று ஒவ்வொரு இரவும் போனில் கேட்கிறாள். ஆபரேஷனுக்கே வந்துவிட்டு, அவள் திரும்பிப் போன பிறகு கீமோ என்று நீங்கள் சொன்னால் அந்த மாதங்களில் எனக்கு யார், அம்மாவுக்கு யார்? கீமோவுக்காக அவள் விடுப்பைச் சேர்த்து வைத்து, கடைசியில் ஒன்றும் வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டால், வயிற்றில் தையலோடு அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கப் போவது நான்தான். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? "ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு விடுப்பு விண்ணப்பத்துக்குக்கூட உதவாத பதில் அது, டாக்டர்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 2023-ல் உலக அளவிலான ஸ்டேஜ் வகைப்பாட்டைத் திருத்தியபோது கட்டியின் மரபணு வகையையும் அதில் சேர்த்தார்கள். புற்றுநோய் வராமல் தடுக்கும் பி53 மரபணு மாறியிருக்கிறதா, டி.என்.ஏ. நகலில் வரும் பிழைகளைச் சரிசெய்யும் எம்எம்ஆர் புரதங்கள் இல்லாமல் போயிருக்கின்றனவா, டி.என்.ஏ.வை நகலெடுக்க உதவும் போல்-ஈ மரபணுவில் மாற்றம் உண்டா என்பதைப் பொறுத்துத் தொடர் சிகிச்சை கூடவும் குறையவும் செய்கிறது. எம்எம்ஆர் குறைபாடு என்றால் அது பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அப்படி இருந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கும் வாய்ப்பு அதிகம், என் தங்கையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இந்தச் சோதனைகளை பயாப்ஸி மாதிரியிலேயே செய்யலாம். என்னுடைய மாதிரி ஏற்கெனவே உங்கள் ஆய்வகத்தில் இருக்கிறதே, அதில் செய்திருக்கிறீர்களா? செய்யவில்லை என்றால் ஏன்? மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேரும் அடுத்தவரைக் கேட்கச் சொன்னார்கள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன், மறைக்க விரும்பவில்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன பெண்ணுக்குக் கொஞ்சம் ரத்தம் பட்டாலும் உடனே பரிசோதிக்க வேண்டும் என்பது எந்த மருத்துவருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் "இந்த வயசுல இப்படித்தான் இருக்கும்" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களை உங்கள் காத்திருப்பு அறையிலேயே சந்தித்தேன். முதலில் உடம்பு சொன்னதை யாரும் கேட்கவில்லை, பிறகு நோய் என்று ஆனதும் அதைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதற்றப்படுகிறோம் என்கிறார்கள். பதற்றம் இருக்கத்தான் செய்யும். தகவல் கிடைத்தால் அதில் பாதி குறையும். அந்த அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஆபரேஷன் முடிந்து பல வாரமாகிறது, ரிப்போர்ட் வந்துவிட்டதா, மருத்துவர்கள் கூடிப் பேசினார்களா என்று எதுவுமே தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தார். தொடர் சிகிச்சை தேவை என்றால் காலம் தாழ்த்தாமல் தொடங்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்? அப்படியிருக்க அவரை யார் அப்படி உட்கார வைத்தது?

உங்களிடம் ஆட்கள் போதாது, வேலை அதிகம் என்பதை நேரில் பார்த்தேன். நான் கேட்பதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம். ஆபரேஷனுக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு தாள் கொடுங்கள். ரிப்போர்ட் எந்தத் தேதிக்குள் வரும், அதை நேரில் உட்கார வைத்துச் சொல்லப் போகிறவர் யார், அந்தத் தேதி தாண்டினால் எந்த எண்ணில் யாரைக் கேட்பது, எப்படி வந்தால் என்ன சிகிச்சை, அதற்கு எவ்வளவு காலம். அவ்வளவுதான். தேதி தள்ளிப்போனால் தள்ளிப்போகிறது என்று சொல்லுங்கள், அதையும் தாங்கிக்கொள்வோம்.

எனக்குக் கொடுத்த தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அந்தத் தாள் எனக்குக் கிடைக்கவும், பயாப்ஸி மாதிரியில் அந்தச் சோதனைகள் நடந்தனவா என்று தெரியவும் ஏற்பாடு செய்யும்படி தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். தபாலில் வேண்டாம், கூப்பிட்டால் நேரில் வந்தே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆபரேஷன் பட்டியலில் இருக்கும் ஒரு நோயாளி