அண்ணன் உடம்பு பற்றி

நீடாமங்கலம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே குறுவை அறுத்தாயிற்று. சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறோம்.

அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தாய். வயிற்றில் மறுபடி நீர் கோத்துவிட்டது. வேட்டியைத் தொப்புளுக்குக் கீழே தழைத்துக் கட்டுகிறார். கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னதால் மோர்சாதத்துக்கு மாவடுகூட இல்லை. இதையெல்லாம்விட அவரை நோகடிப்பது ஊர்ப்பேச்சுதான். ஈரல் சுருங்கிவிட்டது என்றால் குடிகாரன் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு சொட்டுகூடத் தொட்டவரில்லை என்பது உனக்குத் தெரியும். அவருக்கு இருப்பது ஹெபடைட்டிஸ் பி, ஈரலைக் கெடுக்கும் ஒரு வைரஸ்.

தங்கைக்கும் அதே வைரஸ்தான். அம்மாவிடமிருந்து பிரசவத்தில் வந்திருக்கும் என்கிறார் டாக்டர். பிறக்கும்போதே தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். ஆனாலும் தங்கையின் ஈரலில் இன்னும் தழும்பு விழவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் ஏன் இப்படி? “உங்கள் பரம்பரையிலேயே இருக்கிறதா” என்று நீ கேட்டதும் இதைத்தானே.

ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், எச்எல்ஏ-டிபி என்ற மரபணுப் பகுதியில் சிலருக்கு உள்ள வேறுபாடுகளுக்கும் இந்த வைரஸ் உடம்பில் நிலைத்துவிடுவதற்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். கிருமியின் துண்டை நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும் புரதங்களை உண்டாக்குவது அந்தப் பகுதிதான். ஈரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஹெபடைட்டிஸ் சி வந்தவர்களில், பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால் ஈரலில் கொழுப்பும் தழும்பும் கூடுகின்றன. அதோடு வயது, ஆணா பெண்ணா என்பது, சர்க்கரை, ரத்தத்தில் வைரஸின் அளவு எல்லாம் சேர்கின்றன. அண்ணன் விஷயத்தில் எதன் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தலையெழுத்து என்று விட மட்டும் எனக்கு மனம் வரவில்லை. வைரஸை அடக்க டெனோஃபோவிர் இருக்கிறது, தினம் ஒரு மாத்திரை. 2018இல் வந்த தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். அடங்கினால் தழும்புகூட ஓரளவு ஆறும்.

அண்ணனோ வருஷக்கணக்கில் வரப்பிலிருந்து கீழாநெல்லி பிடுங்கி மோரில் அரைத்துக் குடித்தார். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் அதற்குப் பலன் உண்டு என்று எழுதியது உண்மைதான். பிறகு மற்றவர்கள் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மறுபடி தலைதூக்கும் என்று இப்போது தினமும் நானே பக்கத்தில் நின்று கொடுக்கிறேன்.

அப்புறம், மருமகளுக்கு ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று கேள். எது எப்படியானாலும் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். தாய்க்கு வைரஸ் இருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற, வைரஸை எதிர்க்கும் புரதம் உள்ள ஊசியும் உண்டு. எங்கள் அம்மா காலத்தில் இதெல்லாம் கிடையாது. கேட்டுவிட்டு எனக்கு போன் பண்ணு.

உன் அன்பு நண்பன்