பலகை எழுதும் முன் கணுவைப் பாருங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டுப் பகுதிப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பசுமைப் படைப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

வளாகத்து மரங்களுக்கும் மூலிகைத் தோட்டத்துக்கும் பெயர்ப்பலகை வைப்பது நல்ல வேலைதான். ஆனால் ஓர் இலையைக் கைபேசியில் படம் பிடித்து, செயலி முதலில் காட்டும் பெயரை அப்படியே பெயிண்டரிடம் கொடுப்பது சரியல்ல. பலகையில் ஏறிய பிழையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

அடிக்கடி நடக்கும் பிழை, நெட்டிலிங்கத்துக்கு ‘அசோக மரம்’ என்று எழுதுவது. இரண்டுக்குமே கொழுந்து செம்பு நிறத்தில் தொங்கும், ஏமாற்றுவது அதுதான். இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில், இலைக்கோணத்தைப் பாருங்கள். அங்கே சிறு மொட்டு இருந்தால் அந்தக் காம்பில் விரிவது முழுக்க ஓர் இலை. மொட்டு இல்லையா, கையில் இருப்பது சிற்றிலை, அதாவது கூட்டிலையின் ஒரு துண்டு. இன்னும் கீழே தேட வேண்டும். நெட்டிலிங்கத்தில் ஓரம் நெளிந்த ஒவ்வோர் இலைக்கும் மொட்டு உண்டு. அது தனியிலை, மரம் சீத்தாப்பழக் குடும்பம். அசோகத்திலோ பல ஜோடிச் சிற்றிலைகள் சேர்ந்தால்தான் ஓர் இலை. காய் தட்டை நெற்று; புளிக்கும் கொன்றைக்கும் உறவு. பூத்துவிட்டால் சந்தேகமே இல்லை: நெட்டிலிங்கத்தில் வெளிர்பச்சை நட்சத்திரம், அசோகத்தில் ஆரஞ்சு, சிவப்புக் கொத்து. (அந்தக் கொத்தில் அல்லி இதழே கிடையாது, நிறமெல்லாம் பூவின் வெளிவட்டமான புல்லியினுடையது.) அசோகப் பட்டை மருந்துச் சரக்கு என்பதால் இந்தக் குழப்பத்தைச் சாதாரணமாக விட முடியாது.

மூலிகைத் தோட்டத்தில் இன்னும் கவனம் தேவை. கீழாநெல்லியின் கிளை, புளியிலைபோலக் கூட்டிலையாகத் தெரியும். ஒவ்வொரு சிறு இலையின் அடியிலும் பூவோ காயோ இருப்பதால் அவை சிற்றிலைகள் அல்ல, இலைகளே. காய்க்குச் சிறு காம்பும் வழவழப்பான தோலும் இருந்தால் கீழாநெல்லி. காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, தோல் சொரசொரத்தால் செங்கீழாநெல்லி. பத்து மடங்கு கைலென்ஸ் போதும். செயலியின் படத்தில் இது தெரியாது.

வன்னியும் வேலிக்காத்தானும் அப்படித்தான். வேலிக்காத்தானில் முள் கணுவில், பெரும்பாலும் ஜோடியாக. வன்னியில் கணுக்களுக்கு இடையே அடி அகன்ற குட்டை முட்கள் சிதறியிருக்கும். வேம்பு ஒருமுறை பிரிந்த கூட்டிலை, மலைவேம்பு இரண்டு மூன்று முறை பிரியும்.

பெயர் உறுதியாகும்வரை மாதிரி எடுத்து வையுங்கள். பூவும் காயும் உள்ள 25-30 செ.மீ. கிளை. வெறும் இலைக் கிளை பயன்படாது. பழைய செய்தித்தாளுக்கு நடுவே, இரண்டொரு இலையின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, மேலே கனம் வையுங்கள். முதல் நான்கைந்து நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இருவேளை. மாற்றாவிட்டால் பூசணம் பிடித்து இலை கறுத்துவிடும். காய்ந்தால் போய்விடும் பூவின் நிறம், மணம், பால் வடிதல், மரத்தின் உயரம், பறித்த தேதி, இடம் ஆகியவற்றை அன்றே குறியுங்கள்.

இனம் காண, 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் இன்றும் உதவும். அதன் திறவுகோல் (அடையாளங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பெயரை எட்டும் பட்டியல்) நம்பகமானது, பெயர்கள் பழையவை. எழுதும் முன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலில் சரிபாருங்கள். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று படித்த வேலிக்காத்தான், பேரினத்தைப் பிரித்த 2022 ஆய்வுக்குப் பின் நெல்டுமா ஜூலிஃப்ளோரா; வன்னியோ புரோசோபிஸிலேயே நிற்கிறது.

பலகையில் ஊர்ப்பெயர் முதலில் வரட்டும். ஆணி அடிக்க வேண்டாம். கயிற்றில் தளர்வாகக் கட்டி, மரம் பருக்கப் பருக்கத் தளர்த்துங்கள். பூவைப் பார்க்காமல் சிற்றினப் பெயர் எழுத வேண்டாம். உறுதியானதை மட்டும் சாக்பீஸில் எழுதி நிறுத்துங்கள். நெட்டிலிங்கம் பங்குனி, சித்திரையில் பூத்துவிடும். பெயிண்டர் அதுவரை பொறுக்கட்டும்.

இங்ஙனம்,
வேலூர் வட்டாரத் தாவரவியல் ஆசிரியர்கள் சிலர்